பழைய ஜெர்மன் கார்கள்: வைத்திருப்பதும் ரசிப்பதும்

(கோபிநத்தத்தில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையில் மாதேஸ்வரன் மலையில் தரிசனம் செய்துவிட்டு, பாலாறு வழியாகக் காட்டுப் பாதையில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். கர்நாடகத்துக்குள் இருந்தாலும் வீட்டுக்கு வீடு தமிழ் பேசும் ஊர் இது. ஒரு காலத்தில் பயத்தோடு மட்டும் உச்சரிக்கப்பட்ட இந்த ஊர்ப் பெயரை, மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்து ஜனங்களின் மனத்தில் இடம்பிடித்து, 1991 நவம்பரில் உயிரையும் கொடுத்த வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ் அவர்களோடு சேர்த்து நினைப்பதுதான் முறை.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் கார்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று செயலாளர் அறிவித்ததும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நியாயம்தான். பென்ஸ் கார் என்றால் பணக்காரர் வீட்டுச் சமாசாரம், நமக்கு என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் உங்களில் பாதிப் பேர் இன்று மலை ஏறி வந்ததே ஒரு ஜெர்மன் வண்டியில்தான். வாசலில் நிற்கும் டெம்போ ட்ராவலரைச் சொல்கிறேன்.

தெரியாமலே தெரிந்த ஜெர்மனி

டெம்போ என்பது இன்று தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. "சாமான் ஏற்ற ஒரு டெம்போ பேசு" என்கிறோம். அது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து விடால் அண்ட் ஸோன் கம்பெனி தன் சின்ன சுமை வண்டிகளுக்கு வைத்த பெயர். 1958-ல் திரு. என்.கே. பிரோடியா அவர்கள் தொடங்கிய பஜாஜ் டெம்போ கம்பெனி அந்த மூன்று சக்கர வண்டியை இந்தியாவில் செய்தது. பிறகு மெட்டடோர் வேன் வந்தது. அதன் மூலமும் ஜெர்மனிதான். 1987-ல் வந்த ட்ராவலர், மெர்சிடிஸ் பென்ஸின் டி-1 என்ற வேனை உரிமம் பெற்று இங்கே செய்தது. 2005-ல் கம்பெனியின் பெயர் போர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. ஆனால் ஜனங்கள் டெம்போவை விடவில்லை.

லாரிக் கதையும் இதேதான். 1954-ல் டாட்டாவின் டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. ஒப்பந்தம் 15 வருஷம், 1969-ல் முடிந்தது. அந்தக் கால லாரிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். கூட்டு முடிந்து பல வருஷம் கழித்தும் நம் பக்கத்து டிரைவர்கள் "பென்ஸ் லாரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு மைக்கோவை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி, ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. ராபர்ட் பாஷ் கம்பெனியின் தொழில்நுட்பம். டீசல் இன்ஜினுக்கு எரிபொருளை அளந்து பீய்ச்சும் பம்பை பாஷ் 1927-ல் பெருமளவில் செய்ய ஆரம்பித்த பிறகுதான் லாரிக்கும் காருக்கும் டீசல் இன்ஜின் நடைமுறைக்கு வந்தது. மைக்கோவில் வேலை பார்த்துக் குடும்பத்தை முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பார்கள். 2008-ல் அதன் பெயரும் பாஷ் லிமிடெட் ஆயிற்று.

ஆகவே ஜெர்மன் வண்டி நமக்கு அந்நியம் இல்லை. வீட்டு வாசலில் பென்ஸ் கார் நின்றவர்கள் சிலர்தான். பென்ஸ் இன்ஜினில் பிரயாணம் செய்தவர்கள் எல்லோரும்.

முதல் நெடும்பயணம் ஒரு மாமியுடையது

மாமிகள் இந்த விஷயம் தங்களுக்கு இல்லை என்று எழுந்து போக வேண்டாம். காரின் கதையில் முதல் நீண்ட பயணம் செய்தவர் ஒரு குடும்பப் பெண்மணி.

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தது 1886 ஜனவரி 29. காப்புரிமை எண் 37435. ஒரே சிலிண்டர், 954 கன சென்டிமீட்டர், முக்கால் குதிரைத்திறன். வண்டியைச் செய்தாரே தவிர, வெளியூர் ஓட்டிக் காட்ட அவருக்குத் தயக்கம். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோல் பங்க் கிடையாது. வீஸ்லோக் ஊரில் மருந்துக் கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்ற ஒன்று அப்படித்தான் ஆரம்பித்தது. மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து கணவரிடம் சொன்னவரும் அவரே.

பழைய வண்டியை வைத்துக்கொள்வதன் ருசி முழுவதும் இந்தப் பயணத்துக்குள் இருக்கிறது. என்ன கெட்டது என்று கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், அந்த ஊரில் கிடைப்பதை வைத்துச் சரிசெய்யலாம்.

ஏன் இவ்வளவு காலம் உழைக்கிறது?

நம் ஊர்களில் மிச்சமிருக்கும் பழைய ஜெர்மன் கார்களில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று வோக்ஸ்வாகன் பீட்டில், குழந்தைகள் ஆமைக் கார் என்பார்கள். இன்னொன்று 1976-லிருந்து 1986 ஆரம்பம் வரை வந்த டபிள்யூ 123 வகை பென்ஸ்.

பீட்டில் 1938-ல் தொடங்கி 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் முடிந்தது. மொத்தம் 2,15,29,464 கார்கள். இன்ஜின் பின்பக்கம், தண்ணீர் கிடையாது, காற்றினால் குளிர்வது. ரேடியேட்டர் இல்லாததால் கொதிக்கவும் வழியில்லை, ஒழுகவும் வழியில்லை. டபிள்யூ 123 கிட்டத்தட்ட 27 லட்சம் செய்யப்பட்டது. அதில் 240 டி என்ற டீசல் காரின் இன்ஜினுக்கு ஓ.எம். 616 என்று பெயர்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நான் சயன்ஸ் படித்தவன், கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது. 240 டி இன்ஜின் 2.4 லிட்டர், பிந்தைய வடிவத்தில் அதன் சக்தி 72 குதிரைத்திறன். லிட்டருக்கு 30. பீட்டில் 1200-க்கு 1.2 லிட்டர், 34 குதிரைத்திறன். லிட்டருக்கு 28. இன்றைய 2 லிட்டர் டீசல் பென்ஸ் 190-க்கு மேல் தருகிறது, லிட்டருக்கு 95. அதாவது பழைய இன்ஜினிடம் அதனால் முடிந்ததைக் காட்டிலும் குறைவாகவே வேலை வாங்கினார்கள். கனமான இரும்பு, நிதானமான வேகம், குறைந்த சூடு. தினமும் அரை வயிறு சாப்பிட்டு நடந்துவிட்டு வரும் நம் தாத்தாக்கள் தொண்ணூறு வயது இருந்த மாதிரி.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இருபத்தொன்றில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சிய டீசல் தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அதே தத்துவம். 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியது இதைத்தான். கம்ப்யூட்டர் இல்லை, கூட்டினால் இருபது பேர் படிக்கும் புத்தகம் போல, திறந்தால் எல்லாம் தெரியும்.

கிரேக்க நாட்டில் ஒரு டாக்ஸி டிரைவர் இதற்கு முந்தைய மாடல் 240 டி காரை, இன்ஜின்களை மாற்றி மாற்றிச் செப்பனிட்டு, 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-ல் பென்ஸ் கம்பெனியே அதைத் தன் அருங்காட்சியகத்துக்கு வாங்கிக்கொண்டது.

நமக்குச் சாதகமான சங்கதி ஒன்று உண்டு. இந்த ஓ.எம். 616 இன்ஜினைத்தான் பஜாஜ் டெம்போ உரிமம் பெற்று இந்தியாவில் பல வருஷம் செய்தது. மலைக்கிராமங்களுக்கு ஆட்களைத் திணித்துக்கொண்டு போகும் ட்ராக்ஸ் ஜீப்பில் இருந்தது அதன் வாரிசுதான். ஆகவே டீசல் இன்ஜின் மராமத்துக்கு ஸ்டுட்கார்ட்டுக்கு எழுத வேண்டியதில்லை. ட்ராக்ஸ் வேலை பார்த்துப் பழகிய கிராமத்து மெக்கானிக்குக்கு அந்த இன்ஜினின் நாடி தெரியும். சில பாகங்கள் வேறுபடும். பாக எண்ணை ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

மறக்கக் கூடாத பக்கம்

ரசிப்பது என்றால் முழுக்கத் தெரிந்துகொண்டு ரசிக்க வேண்டும். பீட்டில் ஹிட்லர் ஆட்சியின் திட்டம். வாராவாரம் ஐந்து மார்க் கட்டினால் கார் என்று சொல்லி 3,36,000 பேரிடம் பணம் சேர்த்தார்கள். யுத்தம் முடிகிறவரை அவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. அந்தத் தொழிற்சாலை ராணுவ வண்டி செய்தது. அதில் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் வதைபட்டார்கள். டைம்லர் பென்ஸும் அவ்வாறே கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியது. பின்னாளில் இரண்டு கம்பெனிகளும் அதை ஒப்புக்கொண்டு ஆராய்ச்சி நூல்களும் வெளியிட உதவின. 1945-க்குப் பிறகு அந்த இடிந்த தொழிற்சாலையை மறுபடி ஓடவைத்தவர் ஐவான் ஹெர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர். பேரனிடம் காரைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள். இயந்திரம் குற்றம் செய்யவில்லை. ஆனால் அதன் வரலாற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

இனி உங்களில் பலருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி.

அநேகமாகக் கதை இப்படித்தான் இருக்கும். அப்பா வெளிநாட்டு உத்தியோகத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த கார்; அல்லது தூதரகத்தார் விட்டுப்போனதை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் எடுத்த கார். மயிலாப்பூரிலோ மல்லேஸ்வரத்திலோ போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அப்பா இல்லை. பிள்ளைகள் ஒருவர் நியூ ஜெர்சி, ஒருவர் சிங்கப்பூர். அம்மா மட்டும் வீட்டில். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். பில்டர் ஆள் அனுப்பி, "இந்த இரும்பை எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம் மாமி" என்கிறான்.

அந்த ஒரு வாரத்தில் எடுக்கும் முடிவுதான் காரின் தலையெழுத்து. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். அசல் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, மராமத்து, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். தினசரி உபயோகமும் வாடகையும் கூடாது.

இது நல்ல விதி, குறை ஒன்றுதான். 15 வருஷத்தில் சாதாரணப் பதிவு முடிகிறது. அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு இதன் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆயிற்று, இறக்குமதிக் காருக்கு ரூ.40,000. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டியவற்றுக்கு இது ரூ.10,000 ஆகவும் இறக்குமதிக் காருக்கு ரூ.80,000 ஆகவும் உயர்ந்தது. டில்லிப் பகுதியில் டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்ற தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் அதன் அமலாக்கம் பற்றி மாற்று உத்தரவுகளும் வந்தன. டில்லி உறுப்பினர்கள் அவ்வப்போதைய உத்தரவைப் பார்த்து நடக்க வேண்டும்.

1985-ல் பதிவான ஒரு பென்ஸ் 2035-ல்தான் பழம்பெரும் வாகனம் ஆகும். அதுவரை சட்டத்தின் கண்ணில் அது வெறும் கிழட்டு வண்டி. ஜெர்மனியிலோ 1997 முதல், 30 வருஷம் ஆன, அசல் நிலையில் உள்ள காருக்கு நம்பரின் முடிவில் ஹெச் என்ற எழுத்தைக் கொடுத்து வரிச் சலுகையும் தருகிறார்கள்; தினமும் ஓட்டவும் தடையில்லை. உலகப் பழங்கார் சம்மேளனமான பிவாவும் 30 வருஷம் என்றே வரையறுக்கிறது. அரசு உத்தியோகத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அரசின் நோக்கம் சரியானது. ஆனால் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காரையும் தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் காரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். 30 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்போடு ஒரு நடு வகுப்பு ஏற்படுத்தலாம். இதை மனுவாக எழுதி அனுப்புவது சங்கத்துக்குப் பெரிய வேலை அல்ல.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2025-ல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. புதிய கார்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. பீட்டில் போன்ற பெட்ரோல் கார்களுக்கு மூன்று சங்கடங்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் உப்பவைத்து இளக்கும். அது ஈரத்தை உறிஞ்சும். நின்ற காரின் டாங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். லிட்டருக்கு லிட்டர் அதில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கார்புரெட்டரைச் சற்றுத் திருத்தி அமைக்க வேண்டிவரும்.

பரிகாரம் எளிது. எத்தனாலுக்குத் தாங்கும் குழாய்களை முழுக்க மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் டாங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். பீட்டிலில் பெட்ரோல் குழாய் வெடித்துத் தீப்பிடிப்பது உலகம் முழுவதும் நடக்கும் விபத்து. குழாயின் விலை சில நூறு ரூபாய்.

வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

1. மாதம் ஒரு முறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லதல்ல. எரிபொருள் எரிவதில் தண்ணீரும் உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூடு ஏறாவிட்டால் அது ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

2. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். இறக்கத்தில் பெடலை அழுத்தும்போது அது கொதித்தால் பிரேக் இருக்காது.

3. டயரில் பட்டன் தேயவில்லை என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம். பத்து வயதான டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வெடிக்கும்.

4. பீட்டிலில் குளிர்விக்கும் விசிறியும் டைனமோவும் ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் பாட்டரிதானே என்று விடாதீர்கள். பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். அதன் பாட்டரி பின் ஸீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஸீட்டின் கம்பிச் சுருள் முனையில் பட்டால் தீப்பிடிக்கும். மேலே ஒரு ரப்பர் மூடி அவசியம்.

5. டபிள்யூ 123 டீசலில் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது என்றால் பேய் பிடிக்கவில்லை. காற்று உறிஞ்சும் மெல்லிய குழாய் எங்கோ விட்டிருக்கிறது. கதவுப் பூட்டுகளும் அதே குழாயில்தான் இயங்குகின்றன. இன்ஜின் மேல் இருக்கும் நிறுத்தக் கம்பியை அழுத்தினால் நிற்கும். பிறகு குழாயைத் தேடுங்கள்.

6. சென்னைக்காரர்களுக்குத் துருதான் எதிரி. கண்ணாடிக்குக் கீழும் கதவுக்கு அடியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. வேப்பிலைச் சருகு அடைத்தால் உள்ளேயே அரித்துவிடும். ஆயுத பூஜைக்குக் கழுவும்போது அவற்றைக் குத்தி விடுங்கள். தார்ப்பாய் போர்த்தினால் ஈரம் வெளியே போகாது. பருத்தித் துணி மேல்.

7. அழகில் மயங்கிப் பாதுகாப்பை மறக்கக் கூடாது. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கும் முன்பகுதியைப் பென்ஸ் 1959-லேயே கொண்டுவந்துவிட்டது. பீட்டில் அப்படியில்லை, பெட்ரோல் டாங்க் முன்பக்கம் இருக்கிறது. பேரக்குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போட்டி போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்குள், நிதானமாக. அதுதான் அதன் வயதுக்கு மரியாதை.

ஜீர்ணோத்தாரணமும் புதுப்பூச்சும்

பழைய காரைச் செப்பனிடுவதில் இரண்டு கட்சி உண்டு. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கண்ணாடி போலப் பளபளக்க வைப்பவர்கள் ஒரு கட்சி. இருப்பதைக் காப்பாற்றி, ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் மாற்றுபவர்கள் இன்னொரு கட்சி.

நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் கல் தூண்களில் மணல் வீச்சு அடித்தார்கள். தூண் வெளுத்தது, அதோடு கல்வெட்டின் எழுத்தும் சிற்பத்தின் விரல் நுனியும் போயிற்று. காரிலும் அதே கதைதான். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங், ஜெர்மன் டீலரின் சின்ன ஸ்டிக்கர், தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் இவையெல்லாம் ஒரு முறைதான் இருக்கும். பிரேக், டயர், குழாய், ஒயர் ஆகியவற்றில் சிக்கனம் வேண்டாம். மற்றதில் அவசரம் வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் சீட்டு எழுதிப் பெட்டியில் வையுங்கள். மராமத்து ரசீதுகளை ஒரு பைலில் சேருங்கள். வாங்க வருபவர் பெயிண்டைவிட அந்தப் பைலைத்தான் முதலில் பார்ப்பார்.

யார் கையில் கொடுப்பது?

முதலில் காகிதம். பதிவு இன்னும் காலமானவர் பெயரில் இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 உண்டு. மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். எல்லோரும் ஊரில் கூடும் சிரார்த்தத்தின்போதே கையெழுத்து வாங்கிவிடலாம். இறக்குமதிக் கார் என்றால் சுங்கவரி கட்டிய ஆவணத்தைத் தேடி எடுங்கள். அது இல்லாவிட்டால் மற்ற எதுவும் நகராது. இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு குடும்பத்தில் ஒருவரையாவது கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைதான் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளூரில் ஆசையுள்ள மருமானோ தங்கை மகளோ இருக்கலாம். யாருமே இல்லை என்றால், ஊரில் உள்ள பழங்கார் கிளப்பை அணுகுங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. தெரிந்தவர் கைக்குப் போனால் கார் ஓடும். தரகர் கைக்குப் போனால் பாகம் பாகமாகப் பிரியும். விலையில் கொஞ்சம் குறைந்தாலும் ஓட்டப்போகிறவருக்குக் கொடுப்பது புண்ணியம்.

அதோடு, உங்கள் மெக்கானிக்கை மறவாதீர்கள். கார்புரெட்டர் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லும் மனிதர்களுக்கு இப்போது எழுபது வயது. அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று படம் பிடித்து வையுங்கள். மெக்கானிக் போன பிறகு கார் மட்டும் இருந்து பயனில்லை.

சொந்தம் இல்லாமலும் ரசிக்கலாம்

"எங்களிடம் காரே இல்லையே" என்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. கச்சேரி கேட்க வீணை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பல நாட்டுக் கார்களை, எந்தக் கார் எந்தப் புதுமையைக் கொண்டுவந்தது என்று விளக்கி வைத்திருக்கிறார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய அந்த மேதைக்குப் பொருத்தமான நினைவுச்சின்னம். சென்னையில் ஏ.வி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023 மே மாதம் திறந்த பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் உண்டு. மைசூர்க்காரர்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகிலேயே, தர்மஸ்தலத்து டாக்டர் வீரேந்திர ஹெக்கடே அவர்கள் அமைத்த பயண அருங்காட்சியகம். ஆமதாபாத் போனால் கத்வாடாவில் போகிலால் குடும்பத்தாரின் சேகரிப்பு. மும்பையில் 2014 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் பழங்கார்களுக்கென்றே ஊர்வலம் நடத்திவருகிறார்கள். ஜெர்மனியில் பிள்ளை இருந்தால் ஸ்டுட்கார்ட்டில் பென்ஸ், மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ அருங்காட்சியகங்களை ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.

பார்க்கும்போது பெயரையும் விலையையும் மட்டும் கேட்காதீர்கள். கதவை மூடும் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் எங்கே இருக்கிறது, எப்படிக் குளிர்கிறது, ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்கக் கேட்க ருசி கூடும். ராகம் தெரிந்து பாட்டுக் கேட்பதற்கும் தெரியாமல் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைத்து முடிக்கிறேன். ஒன்று, 30 வருஷ நடு வகுப்பு பற்றிய மனு. வரைவு எழுதித் தர நான் தயார். இரண்டு, எந்தெந்த ஊரில் எந்த உறுப்பினர் வீட்டில் பழைய கார் நிற்கிறது என்று சங்கம் ஒரு பட்டியல் எடுக்கட்டும். விலாசத்தை வெளியிட வேண்டாம். செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். பில்டர் ஆள் வந்து நிற்கும் அந்த வாரத்தில், ஒரு மாமி யாரிடம் போன் செய்து கேட்பது என்று திகைக்கக் கூடாது. அந்தப் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும். பல கார்கள் பிழைக்கும்.